ஏழு மணி மன்றாட்டு

குறை சொல்லத் தெரியாத ஒருத்தியோடு ஒரே அறையில் இருப்பது எவ்வளவு கரைச்சலான காரியம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வவுனியாவில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்த காலம் முழுவதும் நான் அப்படி இருந்தேன். அவள் முல்லைத்தீவுக் கரைப்பக்கத்துப் பிள்ளை. வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பம், தகப்பன் கடலுக்குப் போகிறவர். பெயரைச் சொன்னால் அந்தக் கரையில் வீட்டுக்கு ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவு சாதாரணமான பெயர். அதனால் அவள் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் வட்டக்கச்சி. எங்களுடையது வயல்காரக் குடும்பம். மழை பெய்தால் கதிர் சாய்ந்துவிட்டது என்போம், பெய்யாவிட்டால் குளம் வற்றிவிட்டது என்போம், அளவாகப் பெய்தால் அடுத்த கிழமை என்ன ஆகுமோ என்போம். குறை சொல்லாமல் சாப்பிட்டால் எங்களுக்குச் செமிக்காது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என்னை இவளோடு ஓர் அறையில் கொண்டுவந்து போட்டது யாருடைய வேலை என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டால் அதற்கும் கடவுளைத்தான் கை காட்டுவாள்.

ஒரு வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தோம். சாப்பாடும் அந்த வீட்டில்தான். அவர்களுடைய பருப்புக் கறியில் பருப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நான் தட்டைச் சாய்த்துக் காட்டி, இது கறியா கை கழுவுகிற தண்ணீரா என்று கேட்பேன். அவள் சோற்றைக் குழைத்து வாயில் வைத்துவிட்டு, உப்பு அளவாக இருக்கிறது என்பாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கு என்றால், “எனக்குக் காணும்” என்பாள். போதும் என்பதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் காணும் என்றுதான் சொல்வோம். ஆனால் நாங்கள் அலுத்துப்போய்ச் சொல்வது. அவள் பாயாசம் குடித்து முடித்தவளைப் போலச் சொல்வாள்.

மாரி காலத்தில் அவளுடைய கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. வீட்டுக்காரரிடம் போய் நாலு வார்த்தை கேட்போம் என்று நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். திரும்பி வந்து பார்த்தால், அவள் தன் கட்டிலை இழுத்து என் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, ஒழுக்குக்குக் கீழே வாளியை வைத்துவிட்டு, இனி விடியற்காலையில் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போகத் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். சண்டை பிடித்து வென்றுவிட்டு வந்த எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

ஒருமுறை அவளுடைய வீட்டுக்கு இருவருமாக பஸ்ஸில் போனோம். இருக்க இடமில்லை. யாரோ ஒருவரின் உர மூட்டை அவளுடைய காலின் மேல் சாய்ந்து கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. உன் சீவியத்தில் ஒரேயொரு குறை சொல்லு, நான் கேட்க வேண்டும் என்றேன். நெடுங்கேணியில் யோசிக்கத் தொடங்கியவள் ஒட்டுசுட்டான் வரைக்கும் யோசித்தாள். கடைசியில், வவுனியாவில் மீன் கொஞ்சம் பழசு என்றாள். சொன்ன கையோடு முகம் வாடிவிட்டது. கடல் தூரம், அவர்களும் என்ன செய்வார்கள் என்று தானே சமாதானமும் சொன்னாள். அப்புறம் இறங்கும் மட்டும் மீன் விற்பவர்களைப் பற்றி நல்லதாகவே கதைத்துக்கொண்டு வந்தாள்.

இவளுக்கு ஆசை என்று ஒன்றும் கிடையாதோ என்று ஒரு காலம் நினைத்தேன். இருந்தது. அவளுடைய வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை, இரண்டே இரண்டு சின்னத் தெரு, தள்ளி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே ரீச்சராகப் போக வேண்டும், பின்னேரம் நடந்தே வீடு திரும்ப வேண்டும், அம்மா வைத்த இறால் சொதியோடு சோறு சாப்பிட வேண்டும், ஏழு மணிக்கு எல்லோரோடும் செபமாலை சொல்ல வேண்டும். இவ்வளவுதான். நான் கொழும்பு, கனடா என்று கனவு கண்டுகொண்டிருந்த நாட்களில், இவள் இரண்டு ஒழுங்கைக்குமேல் கனவு காணமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

அந்த ஏழு மணிச் செபமாலையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வீட்டைவிட்டு வந்தும் அவள் அதை விடவில்லை. ஏழு மணியானால் போனை மேசையில் சாய்த்து வைத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவாள். அங்கே அம்மா, அப்பா, தம்பி, இங்கே இவள். எனக்குப் போக வேறு இடமில்லாததால் நானும். தகப்பன் விடியப்புறம் கடலுக்குப் போகிற மனுசன். இரண்டாவது காரணிக்கத்துக்குள், இரண்டாவது பத்து மணி உருண்டு முடிவதற்குள், குறட்டை கேட்கும். ஆனால் அவருடைய முறை வந்ததும் குறட்டை நின்று, பிசகாமல் “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கிவிடும். முடிந்ததும் மறுபடி குறட்டை.

செபமாலைக்குப் பிறகு மன்றாட்டு. ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மற்ற எல்லோரும், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் சொல்ல வேண்டும். உலக சமாதானம், நோயாளிகள் என்று பக்தியாகத்தான் ஆரம்பிக்கும். பிறகு அம்மா அதே பூசைத் தமிழில், குரல் ஏறாமல் இறங்காமல், சொல்லுவார்:

“குசினித் தண்ணீர்க் குழாயைத் திருத்தித் தருவதாக வாக்களித்த எங்கள் மகன், அந்த வாக்குறுதியை நிறைவேற்றும் நல்ல மனதைப் பெற வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

எல்லோரும் பதில் சொல்வார்கள். மகனும்தான். சொல்லாமல் தப்ப முடியாது. அடுத்தது அவனுடைய முறை; குழாய்க்கு வேண்டிய வாசரை வாங்கி வர மறந்த எங்கள் தகப்பனுக்கு நல்ல ஞாபகசக்தி கிடைக்க வேண்டும் என்று அவன் மன்றாடுவான். அதற்குத் தகப்பன் பதில் சொல்வார். தன் முறை வரும்போது அவர் இந்த வழக்குகளில் தலையிடமாட்டார். அவருக்கு ஒரே மன்றாட்டு, ஒவ்வொரு நாளும் அதேதான்: கடலுக்குப் போனவர்கள் எல்லோரும் வீடு திரும்ப வேண்டும்.

அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. போடத் தேவையும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு குழாய்க்காக ஊர் கூடிவிடும். அங்கே எல்லா வழக்கும் ஏழு மணிக்கு மேலிடத்துக்குப் போய்விடும். பஸ்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போன அன்றைக்கு, சாப்பிட்டு முடிந்ததும், ஆண்டவரிடம் குழாயைப் பற்றியெல்லாம் முறையிடலாமா என்று அவளுடைய அம்மாவைக் கேட்டேன்.

“எனக்குப் பின்னேரத்தில கத்துறதுக்குத் தெம்பில்லை பிள்ளை. அவரிட்டைச் சொன்னா எல்லாரும் கேக்கினம்” என்றார். “இது எங்கட அக்கா பழக்கினது. அம்மா இல்லாமப் போன பிறகு எங்களைத் தூக்கி வளத்தவா அவாதான். பதில் சொல்லாத ஆளுக்குத் தொடையில நுள்ளு விழும். ஒருக்கா அங்கை குடுத்ததைத் திருப்பிக் கதைக்கிறதும் இல்லை.”

அதுதான் அந்த வீட்டுச் சட்டம். மன்றாட்டில் சொல்லிப் பதிலும் சொல்லியாகிவிட்டால், பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

இந்தச் சட்டம் எனக்கு ஏன் இவ்வளவு நன்றாகத் தெரியும் என்றால், நானும் ஒருநாள் அதில் மாட்டினேன். குளித்துவிட்டு ஈரத் துவாயை அவளுடைய கதிரையில் போடுவது என் பழக்கம். அவள் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. துவாயை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு நனைந்த கதிரையில் உட்கார்ந்து படிப்பாள். ஒரு பின்னேரம் நான் கட்டிலில் படுத்தபடி மன்றாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டு போகிறாள்: என் அன்பான தோழி தன் ஈரத் துவாயைக் கதிரையில் போடாமல் கொடியில் போடும் வரத்தைப் பெற வேண்டுமென்று. முல்லைத்தீவில் மூன்று பேர் பதில் சொன்னார்கள். நான்காவது குரல் என்னுடையது. நாளாந்தம் கேட்டுக் கேட்டு நாக்குத் தானாகப் பழகிப்போயிருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் யாருடைய துவாய் என்று விளங்கியது.

பிள்ளையார் கோயில் தவிர வேறொன்றும் அறியாத நான், அன்றிலிருந்து துவாயைக் கொடியில் போட்டேன். என் அம்மா எத்தனை வருடம் கத்தியும் நடக்காத காரியம் அது.

படிப்பின் கடைசி வருடத்தில் பிரான்சிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் படம் வந்தது. அனுப்பியவர் அங்கே இருக்கிற பெரியம்மா, அம்மாவுக்கு மன்றாட்டுப் பழக்கிய அதே அக்கா. நல்ல குடும்பம், கோயிலுக்குப் போகிற பெடியன், அங்கே வதிவிட அனுமதியும் உண்டு. படிப்பை இடையில் விட்டுவிட்டு உடனே வர வேண்டும், தாமதித்தால் பெடியனை வேறு யாரும் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று பெரியம்மா அவசரப்பட்டார்.

அவள் படத்தைப் பார்த்தாள். நல்ல சிரிப்பு என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெண் பார்க்க வந்த படத்துக்குக்கூட இவளால் ஒரு குறை சொல்ல முடியவில்லையே. போகப் போகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியென்றால் அம்மாவிடம் சொல்லேன் என்றேன். சொல்லிவிட்டாளாம். அம்மாவுக்கும் இவளை அனுப்ப மனமில்லையாம். ஆனால் அம்மா தன் வாழ்நாளில் அக்காவிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை; அந்தச் சொல் அவருக்கு வராதாம். நீயாவது பெரியம்மாவிடம் நேரே சொல் என்றேன். அம்மா இவளுடைய கையைப் பிடித்துக் கேட்டுவிட்டாராம், தன்னுடைய அக்காவோடு எதிர்த்துக் கதைக்க வேண்டாம் என்று. ஞாயிற்றுக்கிழமை செபமாலைக்குப் பெரியம்மாவும் அழைப்பில் வரப் போகிறார், முடிந்ததும் சம்மதத்தை வாங்கிக்கொண்டுதான் போனை வைப்பாராம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் பருப்பை மிச்சம் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கனடா, கொழும்பு என்று நானெல்லாம் பறக்கத் துடிக்கிறேன், உனக்கு மட்டும் ஏன் இந்த இரண்டு ஒழுங்கை என்று முதல் தடவையாகக் கேலி இல்லாமல் கேட்டேன். தட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

“நாங்கள் சண்டை நேரத்தில ஒருக்கா ஆளுக்கொரு பக்கமாச் சிதறித்தான் திரும்பிச் சேர்ந்தனாங்கள். முகாமுக்கு அப்பா வந்து சேர்ந்த அண்டைக்கு, அம்மா எங்கள் எல்லாரையும் ஒருக்கா எண்ணிப் பாத்திட்டு, இனி இது காணும் எண்டு சொன்னவா. கூடாரத்துக்குள்ள ஒண்டும் இல்லை. தண்ணி கூட இல்லை. ஆனா அவா பொய் சொல்லேல்ல. நான் அதைப் பாத்தனான்.”

மிச்சம் வைத்த பருப்பை எடுத்துக் குடித்துவிட்டு எழுந்து போனாள். அவள் சொல்கிற காணும் என்ற சொல்லை நான் அத்தனை காலமும் சோம்பேறித்தனம் என்று நினைத்து வந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி. என் வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தபோதுகூட நான் அப்படிப் பதறியதில்லை. போனில் மூன்று சதுரம்: ஒன்றில் முல்லைத்தீவு வீட்டின் மாதா சுருபமும் மெழுகுதிரியும், பக்கத்தில் மூன்று பாதி முகங்கள், ஒன்றில் இவள், ஒன்றில் பெரியம்மா. அங்கே பகல். பெரியம்மா குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, தலையில் முக்காடும் இட்டுக்கொண்டு, கடமை முடிக்க வந்த அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் படத்தில் விழாமல் சுவரோரம் நின்றுகொண்டேன். துவாய் கொடியில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தும் கொண்டேன். அன்றைக்கு மேலிடத்தின் மனம் கோணக் கூடாது.

செபமாலை முடிந்தது. அன்றைக்குத் தகப்பன் குறட்டை விடவில்லை. மன்றாட்டைப் பெரியம்மாவே தொடங்கினார். பக்தியுள்ள ஒரு இளைஞனுக்கு ஏற்ற துணை அமைய வேண்டும், நல்லது தேடி வரும்போது எங்கள் பிள்ளைக்கு அதை அறிகிற ஞானம் வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் மன்றாடினார். எல்லோரும் பதில் சொன்னார்கள். இவளும் தெளிவான குரலில் சொன்னாள். சட்டத்தின்படி பார்த்தால் காரியம் அத்தோடு முடிந்தது.

அம்மாவின் முறை. நோயாளிகளுக்காக என்று ஆரம்பித்தார். குரல் உடைந்துபோய் நோயாளிகளோடேயே நின்றுவிட்டது. தம்பி பரீட்சைக்காக மன்றாடினான். தகப்பன் தொண்டையைச் செருமினார். கடலுக்குப் போனவர்கள் எல்லோரும் வீடு திரும்ப வேண்டும் என்றார், வழக்கம் போல. அதோடு நிற்கவில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த மனுசனின் வாயிலிருந்து புது மன்றாட்டு வந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பதில் சொல்லும்போது அம்மாவின் குரல் எல்லோருடைய குரலுக்கும் மேலே கேட்டது. பெரியம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முணுமுணுத்தார்.

கடைசியாக அவள். கண்ணை மூடினாள். அவசரப்படாமல், பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிற வேகத்தில் சொன்னாள்:

“எங்கள் பெரியம்மாவுக்காக மன்றாடுவோம். தாயில்லாத தன் சகோதரங்களைத் தாயாக இருந்து வளர்த்தவர். எங்களுக்குச் செபம் சொல்லப் பழக்கியவர். என்னையும் தன் பிள்ளையாக நினைக்கிறார். அவர் பார்த்த இளைஞனுக்கு என்னைவிட நல்ல பெண்ணைக் காட்டியருளும். நான் படிப்பை முடித்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவோடும் அப்பாவோடும் இந்தச் செபமாலையைச் சொல்லுகிற வாழ்வு எனக்குக் காணும் என்பதைப் பெரியம்மா மன மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

அம்மா அக்காவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார். தம்பி அம்மாவைப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் நான் சுவரோரம் விழித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பிரான்சிலிருந்து, சந்தேகமில்லாத உரத்த குரலில், நீட்டி நிறுத்தி, பதில் வந்தது:

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

அறுபது வயதை நெருங்கிய பெரியம்மா, மன்றாடுகிறோம் என்ற சொல் காதில் விழுந்ததும், வாழ்நாள் முழுவதும் சொன்னதைச் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முக்காட்டுக்குள் வாய் திறந்தபடியே நின்றது. எனக்கு என் துவாய் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் முல்லைத்தீவில் மூன்று பேரும், பிந்திவிட்டோமே என்று விழுந்தடித்துப் பதில் சொன்னார்கள். நானும் சேர்ந்து சொன்னேன், படத்துக்குள் வந்தே சொன்னேன்.

செபம் முறைப்படி முடிந்தது. பிள்ளைகள் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொன்னார்கள். பெரியம்மா முக்காட்டை இறக்கினார். பிறகு இவளையே பார்த்துக்கொண்டு, “கள்ளி” என்றார். “அங்கை குடுத்தாச்சு, இனி நான் என்னத்தைக் கதைக்கிறது? அந்தப் பெடியன்ர தாய்க்கு இப்ப என்ன சொல்லுவன்?”

“என்னைவிட நல்ல பிள்ளை கிடைக்குமெண்டு சொல்லுங்கோ பெரியம்மா. அதுக்கும் சேத்துத்தான் மன்றாடியிருக்கிறம்” என்றாள் இவள்.

பெரியம்மா சிரித்துவிட்டார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். தகப்பன் அங்கே இல்லை. படுக்கப் போய்விட்டார், குறட்டை மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

அழைப்பை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த பிறகு நான் கேட்டேன், பெரியம்மா பதில் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. தட்டில் இரண்டாவது தரம் பருப்பை ஊற்றிக்கொண்டு, “அவா நித்திரையிலயும் சொல்லுவா எண்டு அம்மா சொல்லியிருக்கிறா” என்றாள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கையும் அவள் மீறவில்லை. பெரியம்மாவோடு அவள் எதிர்த்து ஒரு சொல் கதைக்கவில்லை. ஆண்டவரோடுதான் கதைத்தாள். இவள் பச்சைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

இப்போது அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறாள். முதலில் வேறு எங்கோ போட்டார்கள். அங்கேயும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, ஏழு மணிக்கு விடாமல் மன்றாடி மாற்றம் வாங்கிவிட்டாள். நான் கொழும்பும் போகவில்லை, கனடாவும் போகவில்லை. விசுவமடுவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வட்டக்கச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். வீதி சரியில்லை, வெயில் அதிகம், அதிபருக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அழைத்தாள். வேண்டுமென்றே ஏழு மணிக்குத்தான் அழைப்பாள். போனை எடுத்தால் நானும் மன்றாட்டில் உட்கார வேண்டியதுதான். பிரான்சும் அழைப்பில் இருந்தது. தன் முறை வந்ததும் அவள் எனக்காக மன்றாடினாள். வட்டக்கச்சியில் இருக்கிற என் தோழிக்கு அவள் கேட்பதெல்லாம் கிடைக்க வேண்டும். எல்லாம் கிடைத்த பிறகும் குறை சொல்ல ஏதாவது ஒன்று மிச்சமிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாவம், அவளுக்குச் சாப்பாடு செமிக்காது என்று.

முல்லைத்தீவும் பிரான்சும் வாய் திறக்கு முன்னமே நான் பதில் சொன்னேன்.